கேட்காமல் பூசிய களிம்பு

என் அப்பாவின் தப்பை ஒரு டாக்டர் கெடுத்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்ததாக அவர் சொல்கிறார். அவருடைய எண்ணத்தை எடுத்து வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? தோல் போனது போனதுதான்.

பறையை எங்கள் பக்கம் தப்பு என்போம். மூன்று வேப்பமரத் துண்டுகளை வளைவாகச் செதுக்கி, இரும்புத் தகடு வைத்து இணைத்து வட்டச் சட்டம் செய்வார்கள். அதன்மேல் கன்றுத்தோலை இழுத்து, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிக் காயவைப்பார்கள். அடிப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் வைக்கோல் தீயில் காட்ட வேண்டும். சூடு ஏறினால்தான் தோல் விறைக்கும். விறைத்தால்தான் சத்தம். தப்பைப் பற்றி ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான். எங்கள் தெருவில் நான்கு வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும்.

நான் அரிமளத்தில் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அப்பாவும் சித்தப்பாவும் தெருவில் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தப்பு செட்டு வைத்திருக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த மாதம் அப்பா சாவு வீடுகளுக்கு அடிப்பதை நிறுத்தினார். இப்போது கோயிலுக்கும் மேடைக்கும் மட்டும்தான் போகிறார்கள்.

போன பங்குனியில் திருமயம் பக்கம் இருக்கும் ஒரு ஹோட்டலின் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஹோட்டல் என்றால் புதுக் கட்டடம் இல்லை. ஒரு வியாபாரக் குடும்பத்தின் பழைய பெரிய வீடு. பிள்ளைகள் எல்லாரும் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, வீட்டைச் சுற்றுலா ஆட்கள் தங்கும் இடமாக மாற்றியிருக்கிறார்கள்.

"மேடம், பழைய டிரம்ஸ் சேக்குறவங்க ஒரு குரூப்பா வர்றாங்க. பெங்களூர், பாம்பே, ஜெர்மனியில இருந்துகூட ஒருத்தர் வர்றாரு. அப்பா செட்டு ஒரு அரை மணி நேரம் அடிக்கணும். நீங்க கூட வந்து ரெண்டு பக்கமும் சொல்லிவிட்டா நல்லாருக்கும்," என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாவின் பேச்சை என் இங்கிலீஷில் சொல்லப்போகிறேன் என்று இரண்டு நாள் பள்ளியில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதையும் இங்கே மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

காலை பத்து மணிக்குப் போனோம். வீட்டின் முன் ஹாலில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நீள மேசைகளில் வெள்ளைத் துணி விரித்து அவர்கள் தங்கள் டிரம்களை வைத்திருந்தார்கள். பித்தளையும் முத்துச்சிப்பி மினுமினுப்பும் ஏறிய பழைய வெளிநாட்டு டிரம்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு: எந்த ஊரில் செய்தது, எந்தக் காலத்தது, எந்த ஆணி மாற்றப்பட்டது. இருபது பேர் இருந்திருப்பார்கள். தங்கள் டிரம்களைத் தொடும்போது அவர்கள் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டார்கள்.

கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் ஒரு டாக்டர். சென்னைக்காரர். வாசலில் கார் நிறுத்துவதைப் பற்றி வாட்ச்மேனிடம் நல்ல தமிழில் சத்தம் போட்டதை நான் என் காதால் கேட்டேன். ஆனால் என் அப்பா முன்னால் வந்து நின்றதும் அவருடைய தமிழ் எங்கேயோ போய்விட்டது. என்னைப் பார்த்து இங்கிலீஷில் பேசினார். நான் அப்பாவிடம் தமிழில் சொன்னேன். அப்பா சொன்ன பதிலை, அதைக் கேட்டுக்கொண்டே நின்றவருக்கு, நான் மறுபடி இங்கிலீஷில் சொன்னேன். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அவர் வரவேற்றுப் பேசினார். உலகத்தில் தோல் கட்டி அடிக்கிற எல்லாரும் ஒரே குடும்பம், இந்தக் குடும்பத்தில் பெரியவர் சிறியவர் கிடையாது என்றார். நான் அப்படியே சொன்னேன்.

சித்தப்பா என் பக்கம் சாய்ந்து, "ஒரே குடும்பமா? அப்ப சோத்துக்கு எலை எங்கிட்டுப் போடுவாங்கன்னு கேளு ஆத்தா," என்றார்.

"சும்மா இருங்க சித்தப்பா."

"கேட்டாத்தான என்ன? குடும்பம்னா சோறுதானே மொதல்ல."

பிறகு டாக்டர் தன்னிடமிருந்த பொக்கிஷத்தைக் காட்டினார். ஒரு காகித உறைக்குள் வட்டமான கன்றுத்தோல் ஒன்று இருந்தது. அறுபது வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி டிரம்முக்காகப் பதப்படுத்திய தோலாம். ஒரு நாள்கூட ஒரு குச்சி அதன்மேல் பட்டதில்லை. கையுறை விரல்களால் ஓரத்தைப் பிடித்து, வெளிச்சத்தில் காட்டி, மறுபடி உறைக்குள் வைத்தார். கூட்டத்தில் எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு சித்தப்பா அந்த உறையை எட்டிப் பார்த்தார். "அறுவது வருசமா அடிக்காமலா வெச்சிருக்காங்க? பாவம், அந்தக் கன்னுக்குட்டி சும்மாவுல்ல செத்துருக்கு."

அப்பா சிரிக்கவில்லை. அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல தோலுதான்டா," என்றார் மெதுவாக.

அடுத்து எங்கள் தப்புகளைக் கேட்டார்கள். சித்தப்பாவும் மற்ற இருவரும் வைத்திருப்பது ஃபைபர் தப்பு. ஷீட்டை இரும்பு வளையத்தில் போட்டு ஸ்பேனரால் முடுக்கிவிட்டால் போதும், தீ வேண்டாம், மழை பெய்தாலும் சத்தம் குறையாது. அவற்றை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவுடைய தோல் தப்பைத்தான் சுற்றி நின்றார்கள். எத்தனை வருஷம் என்று டாக்டர் கேட்டார்.

"சட்டம் எங்கப்பா காலத்துது. ஒரு துண்டு மட்டும் நடுவுல மாத்துனது. தோலு இவ பிளஸ் ஒன் சேந்த வருசம் நான் கட்டுனது," என்றார் அப்பா. "இத்தனை வருசத் தீயில நல்லாப் பழுத்துருக்கு. இந்த மாதிரி எனக்கு இதுக்கு மின்னாடி ஒண்ணு அமைஞ்சதில்லைங்க."

அப்பா அதற்கு முன் ஏழெட்டுத் தோல்கள் கட்டியிருக்கிறார். சிலது ஒரே கோடையில் கிழிந்தன. சிலது கிழியாமல் ஊமையாகவே கிடந்தன. இது மட்டும்தான் அவர் மனசில் இருந்த சத்தத்தைக் கொடுத்தது. இரண்டு நாள் கழித்து எங்கள் ஊர் அம்மன் கோயிலில் காப்புக்கட்டு. திருவிழாவின் முதல் அடியை அப்பா இந்தத் தப்பில்தான் அடிப்பார். கண்மாய்க்கு அந்தப் பக்கத்து ஊரில் அதைக் கேட்டுத்தான் வீட்டில் விளக்கேற்றுவார்கள். இதையெல்லாம் நான் டாக்டரிடம் இங்கிலீஷில் விளக்கமாகச் சொன்னேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். தோலில் தீ பட்டுக் கறுத்திருந்த இடங்களைப் படம் எடுத்தார்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. விருந்தாளிகளுக்கு உள்ளே, தூண் வைத்த வளவு முற்றத்தில் வரிசையாக இலை. எங்களுக்குப் பின்கட்டில், தண்ணீர்த் தொட்டி பக்கம், பேப்பர் தட்டு. என்னை மட்டும், "மேடம், நீங்க உள்ள வந்துருங்க," என்று மேனேஜர் கூப்பிட்டார். நான் போகவில்லை. அதைப் பெருமையாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் அதற்கு முன் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். அப்பா தப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பியபோது டாக்டர், அதைத் தன் மேசையில் வைத்துவிட்டுப் போகலாமா, இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அப்பா தயங்கினார்.

"ஏசியில இருந்தா தொவண்டுருமேத்தா," என்றார் என்னிடம்.

"அதான் அடிக்கறதுக்கு முன்னாடி காச்சப் போறீங்களேப்பா. மேசைமேல வைங்க. கையுறை போட்டுத் தொடுறவங்கப்பா அவங்க," என்றேன்.

அப்பா வைத்தார். நான் சொன்னதால் வைத்தார்.

பின்கட்டில் சித்தப்பா தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "பாத்தியா, மேளத்துக்கு உள்ள எடம், மேளக்காரனுக்குத் தொட்டிப் பக்கம். மேளமாப் பொறந்துருக்கலாம்," என்றார்.

திரும்பிப் போனபோது தப்பு பளபளவென்று இருந்தது. அப்பா தூரத்திலேயே நின்றுவிட்டார். கிட்டே போனதும் எனக்கும் வாசனை அடித்தது. தேன்மெழுகும் எண்ணெயும் கலந்த வாசனை. மேசையில் ஒரு சின்னத் தகர டப்பா திறந்திருந்தது. பக்கத்தில் மஞ்சள் துணி. தோல் சோபாவுக்கும் குதிரைச் சேணத்துக்கும் பூசுகிற களிம்பு அது. டாக்டர் அதைத் தோல் முழுக்க, இரண்டு பக்கமும், பொறுமையாகத் தேய்த்து ஊறவைத்திருந்தார். கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று அந்த இருபது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. தோல் மிகவும் தாகமாக இருந்தது, இப்படியே விட்டிருந்தால் இன்னும் சில வருஷத்தில் வெடித்திருக்கும், இப்போது காப்பாற்றிவிட்டேன் என்றார். அதை அப்பாவிடம் சொல்ல எனக்கு நாக்கு புரளவில்லை. ஆனாலும் சொன்னேன். அதற்குத்தானே என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"தாகமா?" என்றார் அப்பா. "காஞ்சு கெடக்குறதுதான் அதுக்கு உசுரு. யாரு இவரைத் தண்ணி காட்டச் சொன்னா?"

கட்டைவிரலால் தோலை அழுத்தினார். அழுத்திய பள்ளம் அப்படியே நின்றது. தப்பைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். நானும் சித்தப்பாவும் ஓடினோம். வைக்கோலைக் கொளுத்தித் தீயில் காட்டினார். தோல் விறைப்பதற்குப் பதில் வியர்த்தது. எண்ணெய்த் துளிகள் மேலே முத்து முத்தாக வந்தன, கறுப்பாகப் புகைந்தது. குச்சியால் ஒரு அடி அடித்தார். ஈரச் சாக்கைத் தட்டினது போல ஒரு சத்தம். இன்னொரு முறை காட்டி இன்னொரு அடி. அவ்வளவுதான். ஓரத்தில் பசை விட்டுப்போய் தோல் ஒரு விரல் நீளத்துக்கு எழும்பி நின்றது.

சித்தப்பா ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அவர் அப்படி இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஹாலுக்குப் போய் டாக்டரிடம் கேட்டேன். இது அப்பா சொல்லிக் கேட்டதில்லை, நானே கேட்டது. "நாளை மறுநாள் காப்புக்கட்டு. உங்களிடம் இருக்கிற அந்தக் கன்றுத்தோலைக் கொடுங்கள். இன்று ஊறவைத்து இன்றே கட்டினால், இந்த வெயிலுக்குக் காய்ந்துவிடும். என் அப்பாவால் முடியும்."

அவர் பயந்து போனார். நிஜமாகவே பயந்தார், கை தானாக அந்த உறைமேல் போனது. அதற்கு ஈடாக இன்னொன்று உலகத்தில் கிடைக்காது, உனக்குப் புரியவில்லை என்றார். அதைக் கொண்டுபோய் நெருப்பில் காட்டுவீர்களா என்று கேட்டார். வேண்டுமானால் ஒரு புது ஃபைபர் தப்பு இப்போதே ஆன்லைனில் ஆர்டர் போடுகிறேன், நாளைக்கே வந்துவிடும் என்றார்.

ஈடில்லாதது என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தன் பொருளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தால் தோற்றுவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் அப்பா வந்துவிட்டார். டாக்டர் சொன்னதையெல்லாம் அவரிடம் சொன்னேன். மேனேஜர் நடுவில் புகுந்து, "பெரியவரே, கெஸ்ட்டுங்க உக்காந்துட்டாங்க. மத்த மூணு மேளத்தையாவது வெச்சு ஆரம்பிங்க. பேசிக்கலாம்," என்றார்.

"ஆரம்பிக்கறதுக்கு இல்லைங்க," என்றார் அப்பா. அந்த வெள்ளைத் துணி விரித்த மேசையில் தப்பைக் கவிழ்த்து வைத்தார். பக்கத்தில் அவர்கள் சீட்டு வெட்டிய சின்னக் கத்தி கிடந்தது. அதை எடுத்து, சட்டத்தின் ஓரமாகத் தோலைச் சுற்றிக் கிழித்தார். எண்ணெய் மரத்துக்கு இறங்கினால் அப்புறம் எந்தப் பசையும் ஒட்டாது. சட்டத்தையாவது மீட்க வேண்டும். எனக்கு அது தெரியும். அவர்களுக்குத் தெரியாது. இருபது பேரும் கூச்சல் போட்டார்கள். ஜெர்மனிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, கிழிக்காதீங்க! ஐயா, கிழிக்காதீங்க!"

டாக்டர்தான். அன்றைக்கு என் அப்பாவிடம் அவர் நேராகச் சொன்ன முதல் தமிழ் அதுதான்.

அப்பா கிழித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். "எங்க நெருப்பைப் பாத்து ஒங்களுக்குப் பயம் சார். நெருப்பு எங்களை ஒண்ணும் செய்யலை," என்றார். நான் அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையில்லை என்று எங்கள் எல்லாருக்கும் அப்போது தெரிந்துபோயிருந்தது.

சட்டத்தையும் தோலையும் ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். டவுன் பஸ்ஸில் நான் அப்பா பக்கத்தில் உட்காரவில்லை. பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அன்று சாயங்காலமே அப்பா சட்டத்தைச் சாம்பலும் சீயக்காயும் போட்டுத் தேய்த்து வெயில் படும் இடத்தில் சாய்த்து வைத்தார். இலுப்பூரில் தோல் வியாபாரம் செய்யும் தெரிந்தவரிடம் போனில் கேட்டார். நல்ல கன்றுத்தோல் கிடைக்க நான்கைந்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார். காப்புக்கட்டு அன்று அப்பா சித்தப்பாவின் ஃபைபர் தப்பை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு கோயில் முன்னால் நின்றார். வழக்கம் போல வைக்கோல் தீ போட்டிருந்தார்கள். தீயில் காட்ட அப்பாவிடம் ஒன்றும் இல்லை. ஃபைபரைக் காட்டினால் உருகிவிடும். ஆனாலும் அவர் பழக்கத்தில் தீ பக்கம் இரண்டடி நடந்து, அப்புறம் நின்றார்.

கூட்டத்தில் ஒருத்தர், "என்னப்பா, பிளாஸ்டிக்குக்குக் குளிருதா?" என்றார். சிரித்தார்கள்.

முதல் அடி விழுந்தது. தகரத்தில் கல் விழுந்தது போலக் கணீரென்று இருந்தது. ஃபைபரில் ஒரு குறையும் இல்லை, சித்தப்பாவுக்கு அதுதான் சோறு போடுகிறது. ஆனால் அது அப்பாவின் சத்தம் இல்லை, கண்மாயைத் தாண்டிப் போகவும் இல்லை. கண்மாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் சைக்கிளில் வந்து, "அடிச்சாச்சா, இல்லையா? கேக்கவே இல்லையே," என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு குச்சியைத் துடைத்தார். நான் கோயில் சுவரோரம் நின்று அதைப் பார்த்தேன்.

ஹோட்டலுக்குப் போய்வந்த ஐந்தாம் நாள் டாக்டர் எனக்குப் போன் செய்தார். இந்த முறை முழுக்கத் தமிழ்.

"அம்மா, அன்னைக்கு நடந்ததுல எனக்குத் தூக்கமே இல்ல. ஒண்ணு கேக்கணும். அந்தக் கிழிச்ச தோலு இருக்கா? தூக்கிப் போட்டுடலையே? தீக்காயம் பட்ட தோல் எங்க யாருகிட்டயும் இல்ல. அதை எனக்குக் கொடுத்தா, நான் அந்தப் பழைய தோலை உங்க அப்பாவுக்குத் தந்துடறேன்."

தான் கெடுத்த பொருளையே இந்த மனிதர் கேட்கிறார், சேகரிப்பில் வைக்க! நான் கேட்டு நின்றபோது கையால் பொத்தி மறைத்த தோலை, இப்போது அதற்கு மாற்றாக நீட்டுகிறார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் அப்பா இருந்தார். போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"தோல் என்ன பாவம் பண்ணுச்சு ஆத்தா," என்றார் என்னிடம். பிறகு போனில், "கொண்டாங்க சார். பத்தாம் நாளு பால்குடம் இருக்கு. அதுக்குள்ள கட்டிருவேன்."

"ரொம்ப சந்தோஷம். ஆனா ஒரே ஒரு வேண்டுகோள்ங்க. அதை நெருப்புல மட்டும் காட்ட மாட்டேன்னு சொல்லணும். அது அவ்வளவு அபூர்வமான தோலு."

அப்பா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து அதையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். ஐந்து நாளில் அவர் சிரித்தது அப்போதுதான். சிரிப்பு அடங்கியதும், "அப்ப அதை நீங்களே செவத்துல மாட்டிக்கங்க சார்," என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தார்.

டாக்டர் விடவில்லை. கிழிந்த தோலாவது கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார்.

"அதை முருங்கை மரத்தடியில பொதச்சாச்சு சார்," என்றேன். பொய் இல்லை. எங்கள் வீட்டில் உழைத்து ஓய்ந்த தோலை அப்படித்தான் செய்வோம். அம்மா முதல் நாளே செய்துவிட்டிருந்தாள்.

"பொதச்சீங்களா? எடுக்க முடியுமா?"

நான் போனை வைத்துவிட்டேன்.

இலுப்பூர்த் தோல் மறுநாள் வந்தது. அப்பா ஊறவைத்து, சுரண்டி, பசை காய்ச்சி, இழுத்து ஒட்டி மூன்று நாள் வெயிலில் வைத்தார். பத்தாம் நாள் பால்குட ஊர்வலத்துக்கு முன் அதைத் தீயில் காட்டினார். மயிர் நீக்கப் போட்ட சுண்ணாம்பின் வாசனை தோலிலிருந்து இன்னும் போகவில்லை. இரண்டு முறை காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மூன்றாம் முறை காட்டினார். அடித்தார்.

சத்தம் வந்தது. அப்பாவின் சத்தம் முழுதாக வரவில்லை, ஆனால் தோலின் சத்தம் வந்தது. காப்புக்கட்டு அன்று கிண்டல் செய்த அதே ஆள் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "என்னப்பா, புதுசா? கொஞ்சம் பச்சையா இருக்கே," என்றார்.

"ஆமா. பழசுக்கு ஒரு டாக்டரு வைத்தியம் பாத்துட்டாரு," என்றார் அப்பா.

சித்தப்பா உட்பட எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துக்கொண்டே அடுத்த அடிக்குக் குச்சியை ஓங்கினார். அது பழுப்பதற்கு இன்னும் எத்தனை வருஷம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த வருஷங்களை யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் தெரியவில்லை.